ஒன்பதாவது இல்லை

பணகுடிக்குத் தெற்கே காற்றாலைக் கட்டுப்பாட்டு அறை.
மணி இரண்டே முக்கால்.
திரையில் நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளிகள்.
அவை பச்சையாக இருக்கும்வரை எனக்கு வேலை இல்லை.
போனை ஸ்டேப்ளர்மேல் சாய்த்துவைத்து
நான் பிறக்குமுன் வந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கிறேன்.

மேசைக்குப் பின்னால் நாலு பேர்:
வக்கீல் கோவர்த்தனன், நாடக நடிகை சுபலட்சுமி,
பேராசிரியர் ஜோதிமாணிக்கம்,
பெயர் சரியாகக் கேட்காத ஒரு கண் டாக்டர்.
வருகிறவர் என்ன தொழில் என்று
ஆமா, இல்லை பதில்களை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.
ஒரு இல்லைக்குப் பத்து ரூபாய்.
பத்து இல்லை சேர்ந்தால் வந்தவருக்கு ஜெயம்.
இவ்வளவுதான்.
இதற்கு அரை மணி நேரம், ஒரு பூந்தொட்டி,
சாம்பலா ஊதாவா என்று தெரியாத திரைச்சீலை.

பதினொன்று பார்த்து முடித்தாயிற்று.
சர்க்கஸில் யானைக்கு நகம் வெட்டுகிறவர்,
ரயில்வே கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கிறவர்.
விடையை முதலிலேயே நமக்கு மட்டும்
திரைக்கு அடியில் எழுதிக் காட்டிவிடுவார்கள்.
படித்தவர்கள் தடுமாறுவதை
விடை தெரிந்த திமிரில் பார்ப்பது
தனி சுகம்.

பன்னிரண்டாவதில் அவள் வந்தாள்.
கரும்பலகையில் எழுதினாள்: முப்பிடாதி, களக்காடு.
பாதியில் சாக்பீஸ் ஒடிந்தது.
குனிந்து, விழுந்த துண்டை எடுத்து
அதாலேயே எழுதி முடித்தாள்.
நடிகை அந்தப் பெயரை இரண்டு தரம்
சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.
விடை வரவேண்டிய இடத்தில்
கேசட் பூஞ்சை பிடித்து
மூன்று வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன.

போயிற்று என் திமிர்.
நானும் இப்போது மேசைக்குப் பின்னால்,
ஐந்தாவது நாற்காலி.

கையால் செய்கிற வேலையா?
ஆமா.
விற்கிற பொருளா?
இல்லே.
வயலிலா?
இல்லே.
கோயிலோடு சம்பந்தம் உண்டா?
கொஞ்சம் யோசித்தாள். இல்லே.
பெண்கள் வழக்கமாகச் செய்வதா?
"நான் செய்யுதேம்லா" என்றாள்.

அரங்கம் சிரித்தது.
ஆமாவா இல்லையா என்று நாலு பேரும்
நடத்துபவரைப் பார்த்தார்கள்.
அவர் அட்டையைத் திருப்பினார். நாற்பது ரூபாய்.
அந்த அட்டையில் எனக்குச் சம்மதம் இல்லை.

நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.
இடது தோள் சற்றே இறக்கம்.
புதுப் புடவை, மடிப்புக்கூடக் கலையவில்லை.
அணை ஷட்டரா? காட்டு வேலையா? பிணவறையா?
வயர்லெஸில் மிக்கேலிடம் சொன்னேன்.
"களக்காட்டுல எங்க மச்சான் இருக்கான், கேக்கட்டுமா?"
வேண்டாம்டே என்றேன்.
ஏன் என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு மெட்ராஸில் டிவி இருந்த வீட்டுக்கெல்லாம்
இவள் தொழில் தெரிந்திருந்தது.
தொழில் தெரிந்த களக்காட்டுக்கு
இவள் டிவியில் வந்தது தெரிந்திருக்குமா?

மூன்று பத்து. பதினேழாம் புள்ளி சிவப்பு.
காற்றுக்காக ஒரே பக்கமாய்த் தலை திருப்பித் திருப்பி
கோபுரத்துக்குள் கேபிள் முறுக்கிக்கொண்டது.
அதுவே நின்று, எதிர்ப்பக்கம் மூன்று சுற்றுத் திரும்பி
அவிழ்த்துக்கொள்ளும்.
பதிவேட்டில் நேரம் எழுதினால் போதும் நான்.
அந்த மேடையில் என்னை உட்காரவைத்தால்
கையால் செய்கிற வேலையா என்ற
முதல் கேள்விக்கே முழிப்பேன்.

ஒன்பது இல்லை. தொண்ணூறு ரூபாய்.
இதுவரை பேசாமலே இருந்த கண் டாக்டர்
முன்னால் சாய்ந்து கேட்கிறார்:
"நீங்க ஒரு நாள் போகலேன்னா
அந்த வேலை நிக்குமா?"

முப்பிடாதி நிமிர்கிறாள்.
கேசட் அதோடு சரி.

ஆமா என்றால் வாய் அகலத் திறக்கும்.
இல்லே என்றால் உதடு பக்கவாட்டில் இழுபடும்.
கடைசிப் படத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.
உதடு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.
ஓரத்தில் நடத்துபவரின் கை
அதற்குள் அட்டையைத் தொட்டுவிட்டது.